வட்டு மறையும் ஆழம்

கயிற்றின் நுனியில் ஒரு வட்டு.
கால் கறுப்பு, கால் வெள்ளை,
திரும்பவும் கால் கறுப்பு, கால் வெள்ளை.
டிராக்டர் டியூபில் குந்தியபடி
இறக்கிக்கொண்டே போகிறேன்.
எங்கே அது இல்லாமல் போகிறதோ
அங்கே கயிற்றைக் கிள்ளிப் பிடிக்க வேண்டும்.
இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

தையில் தொண்ணூற்றாறு சென்டிமீட்டர்.
மாசிக் கடைசியில் அறுபது.
பங்குனியில் நாற்பத்தொன்று.
சித்திரையில் பதினாறு:
முழங்கை வரை விட்டால்
என் மோதிரம் எனக்கே தெரியவில்லை.
பள்ளத்தூர் பஸ்ஸிலிருந்து பார்ப்பவர்கள்
செங்கரைக் கண்மாயை வயல் என்றுதான் நினைப்பார்கள்.

"பச்சையா இருந்தாத்தான் மேடம் கட்லா தேறும்."
குத்தகைக்காரர் அடைக்கலம்.
மூன்று வருட மீன்பாசி ஏலம்,
மனைவியின் சங்கிலி இன்னும் அடகுக் கடையில்.
காரைக்குடிக் கோழிக்கடைகளின் மூட்டைகள்
வாரம் மூன்று நடை அவர் மொபெட்டில் வரும்.
அவர் மட்டும் என்றால் வேலை சுலபம்.
வடக்கு வரத்துக்காலில் மண்டபத்து எச்சில் தண்ணீர்.
கீழ்க்கரையில், விளக்கை அணைத்துப்
பின்பக்கமாய் வந்து குழாயை அவிழ்க்கும் லாரி.
என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்,
ஜீப்பை ஒருமுறை இங்கேதான் கழுவினேன்.
பாட்டிலில் பாஸ்பேட் தெரியும்,
யாருடையது என்று தெரியாது.

மதியம் இரண்டு மணிக்கு ஆக்ஸிஜன் பதினான்கு.
பகலில் மட்டும் வந்து அளப்பவர்
கண்மாய்க்கு விருது கொடுத்துவிட்டுப் போவார்.
அதனால் அன்று நான் கிளம்பவில்லை.
மடைமேல் ஒரு ஜமுக்காளம், இரண்டு கொசுவத்தி.

பத்து மணிக்கு எட்டு.
பன்னிரண்டுக்கு ஐந்து.
இரண்டுக்கு இரண்டரை.
வெயிலில் வாரி விட்ட மூச்சைப்
பாசியே இருட்டில் உறிஞ்சிக்கொள்கிறது,
வைத்த மொய்யை விடிவதற்குள்
திருப்பிக் கேட்கும் சொந்தக்காரர் மாதிரி.

நாலேகாலுக்கு ஒன்றுக்கும் கீழே.
அப்போதுதான் அந்தச் சத்தம்.
தூறல் விழும் சத்தம்.
மேலே பார்த்தேன், நட்சத்திரம்.
அடைக்கலம் டார்ச் அடித்தார்.

வாய்கள்.
கரையோரம் நெடுக
வெறும் வாய்கள், காற்றைக் கடித்துக்கொண்டு.

அவர் மீட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"இது ஏறுமா?"
வெளிச்சம் வந்தால் ஏறும்.
"வர எவ்வளவு நேரம்?"
ஒன்றரை மணி.
மூன்றாவது கேள்வியை அவர் கேட்கவில்லை.
தோப்பு டீசல் எஞ்சினை,
தூக்கத்தில் இருந்த இரண்டு பேரோடு,
இழுத்துக்கொண்டு வந்தார்.
கண்மாய்த் தண்ணீரைக் கண்மாய்க்கே
வானத்து வழியாகப் பீய்ச்சினோம்.
கிழக்கு வெளுத்தபோது
எழுபது கிலோ வெள்ளை வயிறு மிதந்தது.
மீதி ஆழத்துக்குப் போயிருந்தது.

ஊராட்சியில் பதினோரு பக்கம் கொடுத்தேன்.
கிளார்க் சிகப்பி பேனாவைத் திறந்து வைத்திருந்தாள்.
"நல்ல தண்ணியா, கெட்ட தண்ணியாக்கா?
தீர்மானத்துக்கு ஒரு வரி போதும்."
எத்தனை மணித் தண்ணீர் என்று கேட்டேன்.
எல்லோரும் சிரித்தார்கள்.
சிரிப்பதற்காக நான் கேட்கவில்லை.

மூட்டை கொட்டக் கூடாது: எழுதினார்கள்.
வடக்கு வரத்துக்கால் வாயில்
கோரை வளர்த்த வடிகுழி: எழுதினார்கள்.
ஏலத் தொகையைக் குறைக்க வேண்டும் என்ற இடத்தில்
தலைவர் டீ வரவில்லையே என்றார்.

கார்த்திகையில், புதுத்தண்ணீர் தெளிந்த பிறகு,
அடைக்கலத்திடமிருந்து ஒரு மெசேஜ்.
"வணக்கம். 52."
பெயின்ட் டப்பா மூடிக்குக் கயிறு கட்டி
அவரே இறக்குகிறாராம்.
மூடி முழுக்க வெள்ளை.
முடிச்சுகளுக்கு நடுவே இடைவெளி ஒன்றுபோல் இருக்காது.
என் எண்களோடு ஒட்டாது, ஒட்டவும் கூடாது.
நோட்டில் அவருக்குத் தனியாக ஒரு பத்தி போட்டேன்.

மறுநாள் ஏழரைக்கு அடுத்தது:
"49. எருமை இறங்கிருச்சு.
அரை மணி கழிச்சு திரும்பப் பாக்குறேன்."